பிறர் காலால் வீடு பார்த்தவர்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் எங்கள் தமிழ் ஆட்கள் யாராவது புது வீட்டுக்குக் குடிபுகுந்தால், ஒரு பெண்ணை அழைப்பதா வேண்டாமா என்று ஒரு பேச்சு எழும். அழைத்தால் வருவார். வந்தால் கேட்பார். அதுதான் பயம்.

நான் அவரை முதன்முதலாகக் கவனித்ததும் அப்படி ஒரு குடிபுகுதலில்தான். ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. 'மழை இல்லை, நல்ல கூட்டம், வடை முடிந்துவிட்டது' என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. பால் பொங்கிய பிறகு எல்லோரும் அந்த வீட்டு மாடிப்படியைச் சுற்றி நின்றார்கள். ஓக் மரப்படி, வளைந்து ஏறும், ஒரு பக்கம் கண்ணாடி. வீட்டுக்காரர் அந்தக் கண்ணாடிக்காக எத்தனை கடை ஏறி இறங்கினார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் கீழ்ப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு வீட்டுக்காரரின் மனைவியிடம் திரும்பி, மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

"கால் உடைஞ்சா எங்க படுப்பியள்?"

"நல்ல நாளும் அதுவுமா என்ன கதை இது?" என்றார் அந்த அம்மா.

"நல்ல நாளில கேட்டாத்தானே யோசிக்கலாம். கெட்ட நாளில ஆருக்கு நேரம்?"

பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுகிற ஆள் நான் என்று தெரிந்த நாளிலேயே சொல்லிவிட்டார்: "அண்ணை, என்ர பேரை ஒண்டிலயும் எழுதிப்போடாதேங்கோ. ஆக்களின்ர படுக்கையறைக்குள்ள போய்வாற வேலை எனக்கு. பேரில்லாமல் இருந்தாத்தான் கதவு திறப்பினம்."

கொம்யூனில், அதாவது இங்கத்தைய நகரசபையில், முதியோர் பராமரிப்பு அவருடைய வேலை. சின்னக் கார் ஒன்றில் காலையில் புறப்பட்டு வீடு வீடாகப் போவார். இந்த வீட்டில் உடுப்பு மாற்ற இத்தனை நிமிடம், அடுத்த வீட்டில் மருந்து கொடுக்க இத்தனை நிமிடம் என்று கைபேசியில் பட்டியல் வரும். அந்தப் பட்டியலோடு இருபது வருடத்துக்கு மேல் ஓடியவர். எங்களில் பலர் டெனிஷ்காரரின் வரவேற்பறையைத் தாண்டி உள்ளே போனதில்லை. இவர் குளியலறை வரை போனவர். நாங்கள் ஒரு வீட்டை வாங்குகிற அன்று எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். அதே வீடு முப்பது வருடம் கழித்து, அதற்குள் இருப்பவரை எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்தவர் அவர்.

அதனால் வீடு வாங்க நினைத்தவர்கள், குடிபுகுதலுக்கு அழைக்கத் தயங்கினாலும், வாங்குவதற்கு முன் அவரை ரகசியமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனைக்கு இருக்கும் வீடுகளைத் திறந்து வைப்பார்கள். யாரும் போய்ப் பார்க்கலாம். வீட்டு முகவர் சமையலறையில் ஒரு போத்தலில் சுடச்சுடக் கோப்பியும் சில கோப்பைகளும் வைத்திருப்பார். மற்றவர்கள் கோப்பியைக் குடித்துக்கொண்டு சமையலறைக் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். இவர் ஒரு கோப்பையை விளிம்புவரை நிரப்புவார். குடிக்கமாட்டார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கோப்பையைப் பார்க்காமல், சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு, படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து வாசலுக்கு நடப்பார். எங்கே தளும்புகிறதோ அங்கே நின்று காலால் தரையைத் தடவுவார். அநேகமாக ஒரு நிலைப்படி இருக்கும், இரண்டு விரல் உயரத்தில். அல்லது கதவு தவறான பக்கம் திறக்கும்.

ஒரு முகவர் தாள் சுருளோடு பின்னாலேயே ஓடிவந்திருக்கிறார். "பயப்பிடாதேங்கோ, நான் துடைச்சுவிடுறன்" என்று இவர் டெனிஷில் சொல்லி, கைப்பையிலிருந்து சொந்தத் துணியை எடுத்தாராம்.

நடப்பதற்கு முன் ஒரே கேள்விதான் கேட்பார். "ஆருக்கு?" யாருக்கு என்று தெரிந்தபின் அந்த ஆளின் காலால் நடப்பார். முதுகு நோவுக்காரனுக்கு என்றால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கர்ப்பிணிக்கு என்றால் பின்னால் சாய்ந்து. அதில் கேலி துளியும் இருக்காது. நடிப்பு என்றும் சொல்லமுடியாது. கடனாக வாங்கிய செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பவர் போல, அதில் கவனமாக இருப்பார். நடந்து முடிந்ததும் தீர்ப்பு ஒரு வரியில் வரும். ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னார்: "இது வாற ஆக்களுக்குக் கட்டின வீடு. இருக்கிற ஆக்களுக்கு இல்லை."

அவருடைய சொல்லைக் கேட்காதவர்களும் உண்டு. எங்கள் நண்பர் ஒருவர் வாஸ்து பார்த்து, வடகிழக்கு மூலை திறந்திருக்கிறது என்று ஒரு முடக்கு வீட்டை வாங்கினார். இவர் அதைச் சுற்றி நடந்துவிட்டு, "ஸ்னோ ஆர் அள்ளுறது?" என்று மட்டும் கேட்டார். நண்பர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் அவரவர் வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையில் விழும் பனியைக் காலை ஏழு மணிக்குள் அவரவர்தான் அள்ளவேண்டும். முடக்கு வீட்டுக்கு இரண்டு வீதி, இரண்டு நடைபாதை. அந்தக் குளிர்காலம் முழுக்க நண்பர் இருட்டோடு எழும்பி, முதலில் வடக்கையும் பிறகு கிழக்கையும் அள்ளினார். இவரைக் கண்டால் பனி அள்ளும் சவளைக் கீழே வைத்துவிட்டு, "கேளும், இப்ப கேளும்" என்பார். இவர் காரை நிறுத்தி, மிச்சத்தை அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

இவ்வளவும் பார்த்தவர் குடியிருந்தது மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லாத கட்டடத்தில். ஒருமுறை அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஏறியபோதுதான் எனக்கே தெரிந்தது. மூச்சு வாங்க, "என்ன பிள்ளை இது?" என்றேன்.

"எனக்கு வீடு பாக்கிறதுக்கு ஆர் இருக்கினம், அண்ணை?" என்றார், மூச்சு வாங்காமல்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். காரில் போய்க்கொண்டிருந்தோம். ஆளையும் ஊரையும் மறைத்து ஒரு கதை சொன்னார்.

ஒரு வயதான கமக்காரர், வயலும் மாடுமாக வாழ்ந்தவர். மனைவி இல்லை. இடுப்பு உடைந்த பிறகு கீழ் அறையில் கட்டிலைப் போட்டுவிட்டார்கள். மேல் மாடிக்கு ஆறு வருடமாக அவர் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு புதன்கிழமையும் இவரிடம், "ஒருதரம் மேலே போய்ப் பார்த்துவிட்டு வா" என்பார். இவர் ஏறிப் போய்ப் பார்த்து, இறங்கி வந்து சொல்வார். யன்னலுக்கு வெளியே அப்பிள் மரம் பூத்திருக்கிறது. சுவர்த்தாள் ஒரு மூலையில் உரிகிறது. கூரையின் விளிம்பில் பனி ஒரு சாண் நிற்கிறது. பட்டியலில் இல்லாத வேலை. நான்கு நிமிடம் பிடிக்கும்.

"ஒரு புதன் எனக்கு நேரம் பிந்திப்போச்சு, அண்ணை. அடுத்த வீட்டில இன்சுலின். நான் படியில பாதிவரைக்கும் ஏறி, கொஞ்ச நேரம் நிண்டிட்டு இறங்கி வந்து, மரத்தில குருவி இருக்குது எண்டு சொன்னன்."

"சரி, அதில என்ன?"

"அவற்ற கைவிரல் ஏழாவதில மடங்கி நிண்டுது. என்ர சத்தத்தை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். பதினாலு படி. நான் ஏழுதான் ஏறினனான்." கொஞ்ச தூரம் போனபின் சொன்னார்: "அடுத்த புதன் அவர் கேக்கேல்ல. பிறகு ஒருநாளும் கேக்கேல்ல."

அன்று அவர் கார் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான் என்று எழுதியிருந்தேன். பின்னர் அந்த வரியைத் திருத்தவேண்டி வந்தது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். அவரை நான் நன்றாக அறிந்தது அதனால்தான்.

எங்கள் வீடும் மாடி வீடுதான். கிரின்ஸ்டெட் பாய் விரித்ததுபோலத் தட்டையான ஊர். அந்த ஊரில் ஏறுவதற்கு வேறெதுவும் இல்லாததாலோ என்னவோ, எங்கள் ஆட்கள் எல்லோரும் மாடி வீடாகவே வாங்கினோம். சாமி எங்கள் தலைக்கு மேல் இருக்கவேண்டும் என்று என் மனைவி மேல்மாடியின் கிழக்கு அறையைச் சாமியறையாக்கினாள். ஒரு ஜனவரி மாதம் அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சு கொஞ்ச நாள் நின்றுபோனது. இடது காலும் கையும் சோர்ந்தன. பெப்ரவரியில் வீட்டுக்கு வந்தபோது கட்டிலை வரவேற்பறையில் போட்டேன். முதல் சில வாரங்கள் காலையில் அவளைக் குளிக்க வார்க்கக் கொம்யூன் அனுப்பிய ஆள் இவர்தான். மனைவி அந்தக் காலை இழுத்து இழுத்து அடி வைக்கப் பழகியது இவருடைய தோளைப் பிடித்துத்தான். பிறகு உதவி தேவையில்லை என்றானதும் இவர் வருவது நின்றது.

விளக்கை நான்தான் ஏற்றினேன். மேலே மணி அடிக்க, கீழே அவள் கட்டிலில் இருந்தபடி கும்பிடுவாள். சாமிப் படங்களைக் கீழே கொண்டுவருகிறேன் என்றேன். மறுத்துவிட்டாள்.

"கீழ கொண்டு வந்தா, நான் இனி மேல ஏறமாட்டன் எண்டுதானே அர்த்தம்?"

அதுதான் சிக்கல். மாடி இல்லாத வீட்டுக்கு மாறினால் அவளே எல்லா அறைக்கும் போகலாம், விளக்கும் ஏற்றலாம். ஆனால் மாறுவதே தோல்வியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவது என்று அவள் நினைத்தாள். மகள் வைலேயில் இருக்கிறாள். தன் பக்கம் வந்துவிடுங்கள் என்று தொலைபேசியில் பாதி டெனிஷிலும் பாதி அழுகையிலும் கேட்டுக்கொண்டிருந்தாள். மே மாதத்திலிருந்து ஞாயிறுகளில் வைலேக்குப் போய் வீடு பார்க்கத் தொடங்கினோம். இவரும் வந்தார். மனைவியும் வருவாள், ஆனால் காரைவிட்டு இறங்கமாட்டாள்.

"நீங்கள் பாருங்கோ. எனக்குக் கால் குளிருது" என்பாள், ஜூன் மாதத்திலும்.

தெரியாத ஆட்களுக்கு முன்னால் நடக்கக் கூச்சம் என்று எனக்கு விளங்கியது. இவருக்கும் விளங்கியது. கேட்கவில்லை. உள்ளே போய், கோப்பையை நிரப்பி, என் மனைவியின் காலால் நடந்தார். இடது பாதம் தரையில் உரசிக்கொண்டு வருவது, அதற்காக இடுப்பு கொஞ்சம் தூக்குவது, ஒவ்வொரு மூன்றாவது அடியிலும் நின்று மூச்சு எடுப்பது. அத்தனையும் அவளேதான். நவம்பருக்குள் ஒன்பது வீடு பார்த்தோம். ஒன்பதும் தளும்பின.

பத்தாவது வீடு டிசம்பரின் நடுவில். வைலே, குடாக்கடலை ஒட்டிய பள்ளத்தில் இருக்கும் நகரம். சுற்றிலும் மேடு. அதை மலை என்று டெனிஷ்காரர் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள், பனி கொட்டும்வரை. பனி கொட்டினால் அந்தச் சரிவுகளில் கார் தன் விருப்பத்துக்குப் போகும். அன்று கொட்டியிருந்தது. வீடு மேட்டின் பாதியில், மஞ்சள் செங்கல், ஒரே தளம். தட்டையான ஊரில் மாடி வீடு வைத்திருந்த நான், மலை ஊரில் தட்டையான வீடு பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். வீதியிலிருந்து வாசலுக்கு ஒரு சரிவு, கார் ஒன்றின் நீளம் இருக்கும். அதன் முடிவில் இரண்டு படி.

மணி நான்கு. ஏற்கனவே இருட்டிவிட்டது. மனைவியைக் காரில் ஹீட்டர் போட்டு இருத்திவிட்டு நாங்கள் ஏறினோம். முகவர் ஒரு நடுவயது டெனிஷ் பெண். எல்லா விளக்குகளையும் போட்டிருந்தார். வரவேற்பறையில் வீதியைப் பார்த்த பெரிய யன்னல், திரை இல்லை.

இவர் கோப்பையை நிரப்பினார். நடந்தார். சமையலறையிலிருந்து வரவேற்பறை, யன்னலோரமாகப் போய், நடைவழியைத் தாண்டிப் படுக்கையறை. ஒரு சொட்டும் சிந்தவில்லை. நிலைப்படிகளே இல்லை. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறந்தது. திரும்பி, யன்னலைத் தாண்டி, இரண்டாவது தடவையும் நடந்தார். விலை பேசும்போது சொல்லவேண்டிய குறைகளை நான் மனதுக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கியிருந்தேன்.

இவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"வேண்டாம், அண்ணை."

"ஏன் பிள்ளை? சிந்தவேயில்லையே?"

"உள்ளுக்கு எல்லாம் திறம். ஆனா உள்ளுக்கு வரவேணுமே. இந்தச் சரிவில, இந்த ஸ்னோவில, அதுக்கு மேல ரெண்டு படி. உங்கட மனுசியால ஏறேலாது."

வாசற்கதவு திறந்தது.

குளிர்க்காற்றும், அதன் பின்னால் என் மனைவியும். தொப்பியில் பனி. ஊன்றுகோல் முழங்கால்வரை வெள்ளை. மூச்சு இரைத்தது.

"ஆரால ஏறேலாது?" என்றாள்.

முகவர், மொழி விளங்காவிட்டாலும், ஒரு நாற்காலியை இழுத்து வைத்தார். மனைவி உட்காரவில்லை. இவரைப் பார்த்தாள்.

"கார்க்குள்ள இருந்து பாத்தன். யன்னலுக்குள்ள ஆரோ நொண்டிக்கொண்டு போகினம். பாவம், ஆர் இது எண்டு யோசிச்சன். திரும்பி வரேக்க முகம் தெரிஞ்சுது, நீர். அது ஆற்ற நடை, பிள்ளை?"

இவர் தலையை நிமிர்த்தவில்லை. "உங்கட நடைதான், அக்கா. உங்களுக்காகத்தான்..."

"என்ர நடையோ? அது மாசி மாசத்துக் கால்." மனைவி ஊன்றுகோலால் தரையில் ஒருமுறை தட்டினாள். "இப்ப மார்கழி. பத்து மாசம் பிசியோப் பயிற்சிக்குப் போறன். நீர் அதுக்குப் பிறகு என்னைக் கார் சீற்றில இருந்துதான் கண்டனீர். இவரும் ஒண்டும் சொல்லேல்லைப் போல."

நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் கூட இருந்தவன், பிசியோவின் திகதிகளை ஒன்று விடாமல் குறித்து வைத்திருந்தவன். அந்த ஒன்பது வீட்டிலும் என் மனைவி அப்படித்தான் நடக்கிறாள் என்று தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவள் எங்களைத் தாண்டி நடந்தாள். கோல் ஒருமுறை, கால் ஒருமுறை. இடது பாதம் உரசவில்லை. தூக்கித்தான் வைத்தாள், மெதுவாக, எங்கே வைப்பது என்று கேட்டு வைப்பதுபோல. வரவேற்பறை, நடைவழி, கடைசி அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பின்னால் போகப் பார்த்தேன். இவர் கையை நீட்டி மறித்தார். "விடுங்கோ."

எவ்வளவு நேரம் என்று மணிக்கூட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. அறைக்குள் கோல் நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு யன்னல் திறந்து மூடியது. பிறகு அவளே கதவைத் திறந்தாள்.

"கிழக்குப் பக்கம்தான்" என்றாள் என்னிடம். "இதில சாமியை வைப்பம்."

"வடிவா யோசி. மாடி இல்லாத வீடு வேண்டாம் எண்டு நீதானே..."

"ஏறிக் காட்டிட்டன்தானே. இனி ஏறத் தேவையில்லை."

சொல்லிவிட்டு முகவரிடம் திரும்பி, இந்த வீட்டை நாங்கள் எடுக்கிறோம் என்று டெனிஷில் தெளிவாகச் சொன்னாள். பாரிசவாதம் வந்தபின் இரண்டு மாதம் தமிழே வராதிருந்த வாய். நான் பதறிப்போய், "கொஞ்சம் பொறு, விலையை..." என்று தொடங்கினேன்.

"அண்ணை," என்றார் இவர், "நீங்கள் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கோ."

முகவர் படிவம் எடுக்கக் காருக்குப் போனார். அறையில் நாங்கள் மூவரும்தான். இவருடைய முகம் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். மனைவியும் அதை எதிர்பார்த்து, கேட்டால் என்ன சொல்வது என்று வைத்திருந்தாள்போலத் தெரிந்தது. இவர் கேட்கவில்லை. யன்னலோரம் போய், சுவரோடு ஒதுங்கி நின்று, நடக்க வழியை விட்டார்.

"அக்கா, திருப்பி ஒருக்கா நடவுங்கோ. வடிவாப் பாக்கிறன்."

மனைவி சமையலறையிலிருந்து தொடங்கி, வரவேற்பறையைக் கடந்து, கிழக்கு அறைவரை நடந்து திரும்பினாள். இவர் கைகளைக் கட்டிக்கொண்டு, அவளுடைய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நடையைத் தன் காலில் வாங்கிப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒருக்கா" என்றார்.

மனைவி இன்னும் ஒருமுறை நடந்தாள். மூன்றாவது தடவை ஒருவரும் கேட்கவில்லை. கோலைச் சுவரில் சாத்திவிட்டு, அவளாகவே நடந்தாள்.